வெடிச்சத்தத்தில் உறையும் பிள்ளை: போரைப் பார்த்த குழந்தைகளை மீட்கும் ‘மனவடு சிகிச்சை’ எப்படி வேலை செய்யுது?

திருத்தங்கல், சிவகாசி பக்கம் வளர்ந்தவங்களுக்கு வெடிச்சத்தம் ஒன்னும் புதுசில்ல. தூரத்துல ‘டொம்’முனு கேட்டா முதல்ல வானத்தைப் பார்ப்போம், புகை தெரியுதான்னு. புகை தெரிஞ்சா அடுத்த நிமிஷம் ஊர் முழுக்க போன்தான்: "எந்த ஆபீஸ்?" பட்டாசு ஆலைக்கு இங்கே ‘ஆபீஸ்’னுதான் பேர். புகை இல்லைன்னா, யாரோ வெடி போட்டுப் பார்க்கிறாங்கன்னு அவங்கவங்க வேலையைத் தொடர்ந்துடுவாங்க.

அதே சத்தம், ஷெல்லடிக்குத் தப்பி வந்த ஒரு பிள்ளையின் காதில் விழுந்தால் என்ன ஆகும்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, செவலூர், ஆனைக்குட்டம் உள்ளிட்ட இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. ஆனைக்குட்டம் திருத்தங்கலுக்குப் பக்கத்து ஊர்தான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தொடங்கி, 2009-ல் போர் முடிந்த காலம் வரை நான்கு அலைகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். இன்றும் மாநிலம் முழுக்க 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் வசிக்கிறார்கள்.

உலக அளவில் பார்த்தால், போராலும் வன்முறையாலும் வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள் 2024 முடிவில் 12 கோடிக்கும் மேல் என்கிறது ஐ.நா. அகதிகள் முகமை. அதில் 10 பேரில் 4 பேர் குழந்தைகள்.

இந்தக் குழந்தைகளுக்குச் சோறு, துணி, பள்ளிக்கூடம் எல்லாம் கிடைத்த பிறகும் மனசுக்குள் ஒன்று ஆறாமல் நிற்கிறது. அதை ஆற்றுவதற்கு என்றே சிகிச்சை முறைகள் உண்டு. அவற்றில் ஒன்று, நம் தமிழிலேயே, தமிழ் ஆசிரியர்கள் கையாலேயே, இலங்கையின் அகதி முகாம்களில் கொடுத்துப் பரிசோதிக்கப்பட்டது. அது என்ன, எப்படி வேலை செய்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

‘மனவடு’ன்னா என்ன?

ஆங்கிலத்தில் ட்ராமா என்பார்கள். தமிழில் எழுதினால் ‘டிராமா’ மாதிரி, அதாவது நாடகம் மாதிரி ஆகிவிடும். யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதற்கு ‘மனவடு’ என்ற சொல்லைப் பயன்படுத்தி, அந்தப் பெயரிலேயே 1990-களில் தமிழில் நூலும் எழுதினார். போர் நடந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்திலேயே இருந்து மக்களுக்குச் சிகிச்சை அளித்தவர் அவர்.

உயிருக்கே ஆபத்து என்ற நிலையை நேரில் அனுபவித்தாலோ, கண்ணெதிரே பார்த்தாலோ மனம் அதிர்ச்சி அடைவது இயல்பு. குண்டுவீச்சு, கண்முன் நடந்த சாவு, நடுக்கடலில் தள்ளாடும் படகு என்று எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலானோருக்கு நாளாக நாளாக இந்த அதிர்ச்சி தானாகவே தணியும். சிலருக்குத் தணியாது. ஒரு மாதத்துக்கு மேலும் தொடர்ந்து, அன்றாட வாழ்க்கையையே முடக்கிப்போட்டால் அதை ‘பிடிஎஸ்டி’ என்கிறார்கள். தமிழில் சொன்னால், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு.

குழந்தைகளிடம் இது எப்படித் தெரியும்?

* ராத்திரியில் அலறி எழுவது, திரும்பத் திரும்ப ஒரே கெட்ட கனவு
* சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது, காதைப் பொத்திக்கொண்டு அப்படியே உறைந்து நிற்பது
* நடந்ததை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது
* பாடத்தில் கவனம் இல்லாமல் போவது, ‘எங்கேயோ பார்த்துட்டு உட்கார்ந்திருக்கான்’ என்று டீச்சர் சொல்வது
* வளர்ந்த பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பது, அம்மாவை விட்டு நகராமல் இருப்பது
* நடந்த சம்பவத்தையே திரும்பத் திரும்ப விளையாட்டில் நடித்துக் காட்டுவது
* காரணமே இல்லாமல் கோபம், அடிதடி

நம்ம ஊரில் இதை ‘பயந்த கோளாறு’ என்பார்கள். மந்திரிப்பார்கள், தாயத்து கட்டுவார்கள். பெரியவர்கள் கூடவே இருந்து ‘ஒன்னுமில்ல சாமி, நாங்க இருக்கோம்’ என்று சொல்வது எந்தப் பிள்ளைக்கும் தெம்புதான். ஆனால் மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதற்கு மேலும் ஒன்று தேவைப்படுகிறது.

எத்தனை பிள்ளைகளுக்கு வருது?

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்த மூன்று, நான்கு வாரங்களில், இலங்கையின் மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய மூன்று இடங்களில் 264 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இடத்தைப் பொறுத்து 14 முதல் 39 சதவீதம் பேரிடம் பிடிஎஸ்டி அறிகுறிகள் தெரிந்தன. இதில் மணற்காடு வடமராட்சியில் இருக்கும் கரையோரக் கிராமம். அங்கே இருந்தவர்கள் சுனாமிக்கு முன்பே போரையும் பார்த்தவர்கள்.

அதே காலத்தில் வடகிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வு வேறு ஒரு விஷயத்தையும் வெளிக்கொண்டு வந்தது. 82 சதவீதம் பேர் போர் தொடர்பான சம்பவம் ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். ஆனால் வீட்டுக்குள் நடக்கும் வன்முறையில் ஏதோ ஒரு வடிவத்தைச் சந்தித்தவர்கள் 95 சதவீதத்துக்கும் மேல். அப்பாவின் குடிப்பழக்கம், குடும்பம் பட்ட போர் அனுபவம் ஆகிய இரண்டும் வீட்டு வன்முறையோடு தொடர்பு கொண்டிருந்தன.

இது ஏன் முக்கியம்? இன்று தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் குழந்தைகளில் ரொம்பப் பேர் இங்கேயே பிறந்தவர்கள். அவர்கள் ஷெல்லடியைப் பார்த்ததில்லை. ஆனால் பார்த்தவர்கள் கையில் வளர்கிறார்கள். அம்மாவின் தூக்கமில்லாத ராத்திரியும் அப்பாவின் குடியும் அந்தச் சின்ன வீட்டுக்குள் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்காது. போர் முடிந்த பிறகும் அதன் பாதிப்பு அடுத்த தலைமுறைக்கு வந்துசேரும் வழிகளில் இதுவும் ஒன்று.

நடந்து முடிஞ்சது ஏன் முடியாம இருக்கு?

சிகிச்சையைப் புரிந்துகொள்ள, முதலில் நினைவு எப்படிப் பதிகிறது என்று பார்க்கணும்.

போன தீபாவளியை நினைச்சுப் பாருங்க. எங்கே இருந்தீங்க, யார் கூட இருந்தீங்க, எந்த வருஷம் என்பதெல்லாம் சேர்ந்தே நினைவுக்கு வரும். ‘அது போன வருஷம், இப்போ இல்லை’ என்பதும் கூடவே தெரியும். சாதாரண நினைவுக்குத் தேதியும் இடமும் ஒட்டியே இருக்கும்.

உயிர்ப்பயத்தில் பதியும் நினைவு அப்படி இல்லை. சத்தம், வாசனை, நெஞ்சுத் துடிப்பு, கை நடுக்கம் எல்லாம் ஆழமாகப் பதிந்துவிடும். எப்போது, எங்கே, எதற்குப் பிறகு எது என்பது மட்டும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். இந்தத் துறையினர் முதல் வகையை ‘சூடான நினைவு’ என்றும், இரண்டாவதை ‘குளிர்ந்த நினைவு’ என்றும் சொல்கிறார்கள். மனவடு என்றால், சூடு இருக்கும், தேதி இருக்காது. அதனால்தான் அந்தப் பிள்ளைக்கு ‘அன்னைக்கு நடந்தது’ என்று தோன்றுவதில்லை. ‘இப்போ நடக்குது’ என்றே தோன்றுகிறது.

நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லணும்னா, இது ஒரு சரவெடி. பல வெடிகளை ஒரே திரியில் கோத்திருப்பார்கள். எந்த இடத்தில் நெருப்பு பட்டாலும் சரம் பற்றிக்கொள்ளும். அதேபோல ‘டொம்’ என்ற சத்தம், கருகிய வாசனை, ஈர மண், ஹெலிகாப்டர் இரைச்சல் என்று ஏதோ ஒன்று பட்டால் போதும். முழுப் பயமும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது.

சிகிச்சை இந்த நினைவை அழிப்பதில்லை. அழிக்கவும் முடியாது. விடுபட்ட தேதியையும் இடத்தையும் அதோடு சேர்த்துவைக்கிறது. ‘அது அங்கே, அன்றைக்கு நடந்தது, நான் இங்கே, இன்றைக்கு இருக்கிறேன்’ என்று மனமும் உடம்பும் சேர்ந்து உணரும்போது சூடு குறையத் தொடங்குகிறது.

சிகிச்சையில என்னதான் நடக்கும்? ஒரு கயிறு, சில பூக்கள், சில கற்கள்

ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகி ஷாவர், ஃபிராங்க் நாய்னர், தாமஸ் எல்பெர்ட் ஆகியோர் அகதிகளுக்காகவே ஒரு முறையை உருவாக்கினார்கள். தன் வாழ்க்கைக் கதையைச் சொல்வதன் வழியே குணமாவது என்பதுதான் அதன் அடிப்படை. குழந்தைகளுக்கான வடிவத்துக்கு ‘கிட்நெட்’ என்று பெயர். சில அமர்வுகளில் முடிந்துவிடும், பெரிய வசதிகள் தேவையில்லை, முகாமிலேயே செய்யலாம் என்பதுதான் இதன் பலம்.

உதாரணத்துக்கு, சுனாமியில் தங்கச்சியைப் பறிகொடுத்த 11 வயது சிறுவன் ஒருவன் ஆலோசகர் முன் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள், அவனுக்கு வந்திருப்பது பைத்தியம் இல்லை என்பதை ஆலோசகர் புரியவைப்பார். பயம் வந்தால் உடம்பு இப்படித்தான் நடந்துகொள்ளும், இதே மாதிரி நிறையப் பிள்ளைகளுக்கு நடக்கிறது என்று எளிமையாகச் சொல்வார். ‘எனக்கு மட்டும்தான்’ என்ற எண்ணம் போவதே பாதிச் சுமை இறங்கிய மாதிரி.

அடுத்து ஒரு கயிறு. அதுதான் அவன் வாழ்க்கை. ஒரு முனை அவன் பிறந்த நாள். அங்கிருந்து வரிசையாக, நல்லது நடந்த இடத்தில் பூ வைக்கணும், கெட்டது நடந்த இடத்தில் கல் வைக்கணும். பள்ளிக்கூடம் சேர்ந்த நாள் ஒரு பூ. தாத்தா மிதிவண்டி வாங்கிக் கொடுத்தது ஒரு பூ. வீட்டுக்கு மேல் விமானம் பறந்த நாள் ஒரு கல். கடல் ஊருக்குள் வந்த நாள் ஒரு பெரிய கல். கயிற்றின் மறுமுனை சுருட்டியே கிடக்கும். அது இன்னும் வாழப்போகிற வாழ்க்கை.

இந்தக் கயிற்றைப் பார்க்கும்போதே அவனுக்கு ஒன்று புரியும். தன் வாழ்க்கையில் கல் மட்டும் இல்லை. பெரிய கல்லுக்கும் முன்னும் பின்னும் நாட்கள் இருக்கின்றன.

பிறகு வரும் அமர்வுகளில் பிறந்ததிலிருந்து கதை சொல்ல ஆரம்பிப்பான். பூவெல்லாம் வேகமாகக் கடந்துவிடும். கல் வரும்போது ஆலோசகர் வேகத்தைக் குறைப்பார். "அப்போ எங்கே நின்னே? என்ன பார்த்தே? என்ன சத்தம் கேட்டுச்சு? உடம்புல என்ன பண்ணுச்சு? இப்போ சொல்லும்போது என்ன பண்ணுது?" என்று கேட்டுக் கேட்டு, நொடி நொடியாக அந்தச் சம்பவத்தின் ஊடே நடத்திக் கூட்டிப்போவார். அழுகை வரும், நடுக்கம் வரும். ஆலோசகர் நடுவில் விட்டுவிட மாட்டார். பயம் ஏறி, உச்சத்துக்குப் போய், இறங்கும் வரை கூடவே இருப்பார். சம்பவம் முடிந்து, அவன் பத்திரமான இடத்துக்கு வந்துசேர்ந்த கட்டம் வரை கதையைக் கொண்டுபோன பிறகுதான் அன்றைய அமர்வு முடியும்.

அவன் சொன்னதையெல்லாம் ஆலோசகர் எழுதிக்கொள்வார். அடுத்த முறை அதை வாசித்துக் காட்டுவார். விடுபட்டதை அவன் சேர்ப்பான், தப்பாக இருந்தால் திருத்துவான். கடைசி நாளில் முழுக்கதையும் எழுத்தில் அவன் கைக்கே வரும். சுருட்டிக் கிடந்த கயிற்றின் பக்கம் இனி வரப்போகும் நாட்களுக்கான பூக்களையும் வைப்பான்.

‘என்னாலதான்...’ அப்படிங்கிற நினைப்பு

இந்த வகைச் சிகிச்சைகளில் பயத்தைவிட ஆழமாகப் போய்த் தொடுவது குற்ற உணர்ச்சி.

நம் உதாரணச் சிறுவன் பல நாள் சொல்லாமல் வைத்திருந்த ஒரு வரி இருக்கலாம்: "நான்தான் தங்கச்சி கையை விட்டுட்டேன்." வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களும் இல்லை. அவன் மட்டும் சுமந்துகொண்டிருப்பான்.

கதையை நொடி நொடியாகச் சொல்லும்போது மற்ற விவரங்களும் வரும். அலை பனை மர உயரம். தண்ணீருக்குள் மரக்கட்டை, ஓடு, படகு எல்லாம் அடித்து வந்தது. அவனுக்கு அப்போது வயது 11. அந்த வயதுப் பையனின் விரல்களால் அந்த வேகத்தில் எதையும் பிடித்திருக்க முடியாது. ‘நான் விட்டுட்டேன்’ என்பது ‘தண்ணி இழுத்துட்டுப் போயிருச்சு’ என்று மாறும். துக்கம் அப்படியேதான் இருக்கும். பழி மட்டும் அவன் தோளில் இருந்து இறங்கும்.

உலக அளவில் அதிகம் பயன்படும் இன்னொரு முறை இந்த எண்ணங்களில் கூடுதல் கவனம் செலுத்துகிறது. அமெரிக்காவின் ஜூடித் கோஹன், ஆந்தனி மனாரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் ஆகிய மூவரும் உருவாக்கிய ‘மனவடுவை மையமாகக் கொண்ட அறிதல் நடத்தைச் சிகிச்சை’ அது. பொதுவாக 8 முதல் 25 அமர்வுகள். மூச்சுப்பயிற்சி, உணர்ச்சிகளுக்குப் பெயர் சொல்லப் பழகுவது, தப்பான எண்ணத்தைக் கண்டுபிடிப்பது, பிறகு நடந்ததைச் சொல்வது என்று படிப்படியாகப் போகும். இதில் அம்மா, அப்பா அல்லது வளர்ப்பவருக்கும் தனியாக அமர்வு உண்டு. கடைசியில் பிள்ளை தன் கதையை அவர்கள் முன் சொல்லும். அவர்கள் உடைந்துவிடாமல் கேட்பதற்கு முன்கூட்டியே தயார்படுத்தியிருப்பார்கள்.

சரி, இது நிஜமா வேலை செய்யுதா?

2005 தொடக்கம், சுனாமி முடிந்து ஏறத்தாழ ஒரு மாதம். இலங்கையின் வடகிழக்கில் புதிதாக அமைக்கப்பட்ட முகாம்கள். போரையும் சுனாமியையும் சந்தித்த, பிடிஎஸ்டி அறிகுறிகள் கடுமையாக இருந்த 8 முதல் 14 வயது வரையிலான 31 தமிழ்க் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். 16 பேருக்குக் கிட்நெட். 15 பேருக்குத் தியானம், மூச்சுப்பயிற்சி, உடலைத் தளர்த்தும் பயிற்சி. இரண்டு குழுவுக்கும் இரண்டு வாரத்துக்குள் ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றும் 60 முதல் 90 நிமிடம்.

சிகிச்சை கொடுத்தவர்கள் வெளிநாட்டு டாக்டர்கள் இல்லை. ஏற்கெனவே பயிற்சி பெற்றிருந்த உள்ளூர் ஆலோசகர்கள், ஆசிரியர்கள். பேசியது அந்தக் குழந்தைகளின் தமிழ்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கிட்நெட் குழுவில் 81 சதவீதம் பேரும், தியானக் குழுவில் 71 சதவீதம் பேரும் மீண்டிருந்தார்கள். இரண்டுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வித்தியாசம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. சிகிச்சையே பெறாத குழு ஒன்றையும் கூடவே வைத்து ஒப்பிடவில்லை. எனவே இதை மட்டும் வைத்து ‘இதுதான் தீர்வு’ என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டு, பயிற்சி பெற்ற, பொறுமையான, அந்த ஊர்ப் பேச்சு தெரிந்த ஒரு பெரியவர் தொடர்ந்து பிள்ளையோடு உட்கார்ந்தார் என்பது இரண்டு குழுவுக்கும் பொதுவானது.

பிற நாடுகளிலும் பரிசோதித்தார்கள். ஜெர்மனியில் தஞ்சமடைந்த 26 அகதிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களைவிட கிட்நெட் பெற்றவர்கள் தெளிவாகத் தேறினார்கள். ஒரு வருடம் கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்தது. உகாண்டாவின் நகிவாலே முகாமில் ருவாண்டா, சோமாலியா அகதிகளுக்கு நடந்த ஆய்வில் சிகிச்சை கொடுத்தவர்களே அகதிகள்தான். மனநல டாக்டர் இல்லாத இடத்திலும், முறையாகப் பயிற்சி கொடுத்து, மேற்பார்வையும் இருந்தால் இது சாத்தியம் என்று அங்கே தெரிந்தது.

‘பழசைக் கிளறாதே’ன்னு பெரியவங்க சொல்றது தப்பா?

முழுக்கத் தப்பில்லை. ‘மறந்துடும், விடு’ என்று சொல்வதில் அக்கறை இருக்கிறது. ஆனால் மனவடு உள்ள பிள்ளை மறக்காமல் இருப்பது வேண்டுமென்றே இல்லை. பேசாமல் இருந்தாலும் அது ராத்திரியில் வந்துவிடுகிறது. தவிர்க்கத் தவிர்க்க, தேதி ஒட்டாமலேயே அந்த நினைவு கிடக்கிறது.

அதே சமயம் கிளறுவதிலும் ஆபத்து உண்டு. சிகிச்சையில் நடப்பது, தயார்படுத்தி, பயம் தணியும் வரை கூடவே இருந்து, பத்திரமான இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது. வேறு யாரோ ஒருவர் வந்து ‘என்ன நடந்துச்சு சொல்லு’ என்று கேட்டு, பிள்ளை அழ ஆரம்பித்ததும் எழுந்துபோவது சிகிச்சை இல்லை. அது சரத்தைப் பற்றவைத்துவிட்டுப் போகிற மாதிரி.

இதை எங்களைப் போன்ற செய்தி சேனல்களுக்கும் சேர்த்தே சொல்லணும். படகில் வந்து இறங்கிய பிள்ளை முன்னாலும், வெடி விபத்தில் அம்மாவை இழந்த பிள்ளை முன்னாலும் மைக் நீட்டி, திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அந்தப் பிள்ளைக்கு உதவாது. சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் உட்காரவைத்து ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் முறையை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. முதல் நாட்களில் தேவை பாதுகாப்பு, சாப்பாடு, தூக்கம், சொந்தக்காரர்கள். அதேபோல, பிடிஎஸ்டி உள்ள குழந்தைகளுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது மாத்திரை இல்லை, பேச்சு வழிச் சிகிச்சைதான்.

எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்துச் செய்தால் போதுமா? இலங்கையின் வடக்கில் 9 முதல் 12 வயது வரை உள்ள 399 மாணவர்களிடம், வகுப்பறையிலேயே 15 அமர்வுகள் கொண்ட ஒரு திட்டத்தைச் சோதித்தார்கள். ஒட்டுமொத்தமாகப் பெரிய பலன் தெரியவில்லை. சில விஷயங்களில் பையன்களுக்கு உதவியது. ஆனால் திட்டத்தில் சேராத சிறுமிகளிடம் அறிகுறிகள் குறைந்த அளவுக்கு, சேர்ந்த சிறுமிகளிடம் குறையவில்லை. அன்றாடம் போர்த் தொல்லை குறைவாக இருந்த பிள்ளைகளுக்குப் பலன் அதிகம். அதாவது, யாருக்குத் தேவை என்று பார்த்து, தனித்தனியாகக் கொடுக்கணும். சுற்றி இருக்கும் வாழ்க்கையும் ஓரளவுக்காவது அமைதியாக இருக்கணும்.

முகாம் வாழ்க்கையை மாத்தாம மனசை மட்டும் மாத்த முடியுமா?

இங்கேதான் சிகிச்சையின் எல்லை வருகிறது. ‘அது முடிஞ்சுபோச்சு, இப்போ பத்திரமா இருக்கே’ என்று ஆலோசகர் சொல்லும்போது, அது உண்மையாகவும் இருக்கணும்.

ஒரே அறையில் மொத்தக் குடும்பமும் படுத்து எழுவது, தணிக்கை நாளில் எல்லோரும் வரிசையில் நிற்பது, எவ்வளவு படித்தாலும் ‘நீ எந்த நாட்டுக்காரி?’ என்ற கேள்வியில் வேலை நின்றுபோவது இதெல்லாம் முடிந்த கதை இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த ஆயிரக்கணக்கானோருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர்கள் சேர்க்கப்படவில்லை.

மாற்றமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021-ல் தமிழக அரசு 317 கோடி ரூபாய் அளவிலான திட்டங்களை அறிவித்து, பழுதான முகாம் குடியிருப்புகளுக்குப் பதிலாகப் புது வீடுகள் கட்டத் தொடங்கியது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்றும் மாற்றியது. கதவைச் சாத்தித் தூங்க ஒரு வீடு இருப்பதும் மனநல விஷயம்தான்.

அகதிகளே அகதிகளுக்கு உதவிய வரலாறும் இங்கே இருக்கிறது. 1984-ல் சா.செ. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமில் இருப்பவர்களையே களப்பணியாளர்களாக வைத்துக் கல்வி, சுகாதாரப் பணிகளைச் செய்துவருகிறது. யாழ்ப்பாணத்தில் 1980-களிலேயே தொடங்கிய ‘சாந்திகம்’ உள்ளூர் ஆட்களுக்கு உளவளத்துணைப் பயிற்சி கொடுத்தது. முகாம் பிள்ளையின் பேச்சும் அதன் மௌனமும் முகாமில் வளர்ந்த ஒருவருக்குச் சீக்கிரம் புரியும்.

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். இந்த இரண்டு தேதியும் இந்தப் பக்கத்தில் பலருக்கு மறக்காது. முதலாவதில் 40 பேர் வரை, இரண்டாவதில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ விபத்துகள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் நிவாரணத் தொகை அறிவிப்பு வரும், காசோலை வரும். அம்மாவை ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டிய பிள்ளை அதற்குப் பிறகு ஒவ்வொரு ‘டொம்’முக்கும் என்ன ஆகிறது என்று கேட்க ஆள் வருவதில்லை.

முகாம் பிள்ளையும் அந்தப் பிள்ளையும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். ஒரே சத்தத்துக்கு இரண்டு பேரும் உறைந்து போகலாம். இருவருக்கும் தேவைப்படும் உதவி ஒன்றுதான்.

நீங்க என்ன செய்யலாம்?

*டீச்சரா இருந்தா:* சத்தம் கேட்டு உறைந்த பிள்ளையைத் திட்டாதீங்க, சிரிக்க விடாதீங்க. பக்கத்தில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘இது பள்ளிக்கூடம், இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, நான் உன் டீச்சர்’ என்று இடத்தையும் நேரத்தையும் நினைவூட்டுங்க. கால் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்லுங்க. நடந்ததை வகுப்பு முன்னால் சொல்லச் சொல்லாதீங்க.

*அம்மா, அப்பாவா இருந்தா:* சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். பிள்ளை தானாகச் சொல்ல வந்தால் கேளுங்க, தடுக்காதீங்க, துருவாதீங்க. உங்களுக்கே தூக்கம் இல்லை, குடி அதிகமாகிறது என்றால் உங்களுக்கும் உதவி வேணும். அது பிள்ளைக்கான சிகிச்சையிலும் ஒரு பகுதி.

*பக்கத்து வீட்டுக்காரரா இருந்தா:* விசேஷத்துக்கு வெடி போடும் முன் முகாம் பக்கமும், விபத்தில் ஆளை இழந்த வீட்டுப் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சத்தம் வரப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சா பாதி அதிர்ச்சி குறையும்.

உதவி எங்கே கிடைக்கும்?

* 14416: மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை.
* 104: தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண்.
* 1098: ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான உதவி எண்.
* மாவட்ட மனநலத் திட்டம்: விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். பக்கத்து அரசு மருத்துவமனைக்கு மனநலக் குழு எந்த நாளில் வருகிறது என்றும் அங்கேயே கேட்கலாம்.

‘நாங்க இந்த நாட்டுக் குடிமக்கள் இல்லையே, எங்களுக்குக் கொடுப்பாங்களா?’ என்ற தயக்கம் வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, அரசின் மனநலச் சிகிச்சையைப் பெறும் உரிமை ‘ஒவ்வொரு நபருக்கும்’ உண்டு என்கிறது. ‘ஒவ்வொரு குடிமகனுக்கும்’ என்று அதில் இல்லை.

போகும்போது கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: "பேரதிர்ச்சிக்கு உள்ளான குழந்தைகளுக்குன்னே பயிற்சி எடுத்த ஆலோசகர் இருக்காங்களா?" இல்லை என்று சொன்னால், எங்கே இருக்காங்கன்னு எழுதி வாங்கிக்கோங்க. கேட்கிறவங்க அதிகமானால்தான் அப்படிப்பட்ட ஆலோசகர்கள் நம்ம மாவட்டத்துக்கும் வருவாங்க.